ஓட்டுப்போட அழைக்கும் பாட்டுக்குழு: தெருவில் இறங்கி நடத்துவது எப்படி?

சென்னையில் ஓட்டு குறைவாகப் பதிவாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைவு என்பதை ஒரு முறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 69.72 சதவீதம். தருமபுரியில் 81.20. வடசென்னையில் 60.11, தென்சென்னையில் 54.17, மத்திய சென்னையில் 53.96. மாநகராட்சித் தேர்தலில் நிலைமை இன்னும் மோசம். 2022 பிப்ரவரி 19 அன்று சென்னையில் வாக்களித்தவர்கள் 43.59 சதவீதம்தான். பத்து ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சித் தேர்தலே நடக்காமல் கிடந்த ஊரில், நடந்த அன்றும் பாதிப் பேர்கூட வரவில்லை. அதே நாளில் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் 74.68 சதவீதம் பேர் வந்திருந்தார்கள்.

அன்று தேர்ந்தெடுத்த சென்னை மாமன்றத்தின் ஐந்து ஆண்டுகள் 2027 தொடக்கத்தில் முடிகின்றன. அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்குள் உங்கள் வார்டில் ஒரு சின்னப் பாட்டுக்குழு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் புதுக்கோட்டைக்காரி. 1991இல் எங்கள் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது பள்ளி முடித்த பெண்ணாகக் கலைப்பயணக் குழுவில் பாடினேன். இப்போது வேளச்சேரியில் குடியிருக்கிறேன். இங்கே தெருவில் கும்மியும் பறையுமாக வாக்காளர் பாட்டுப் பாடும் குழு ஒன்றை நடத்துகிறேன். ஐந்து பெண்கள், இரண்டு பறைக் கலைஞர்கள், படிவம் நிரப்பித் தரும் கல்லூரிப் பையன்கள் சிலர். குழு அவ்வளவுதான்.

அறிவொளியில் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "படிப்பு நல்லது" என்று மட்டும் பாடிவிட்டு நாங்கள் வந்ததில்லை. பாட்டு முடிந்ததும் அந்த இடத்திலேயே பெயர் எழுதுவோம், அடுத்த நாள் மாலை வகுப்பு தொடங்கும். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்கள். பாட்டு ஆசையைக் கிளப்பியது என்றால், கால் வைத்து மிதிக்க சைக்கிளும் பக்கத்தில் இருந்தது. அதனால்தான் அது மாவட்டத்தையே அசைத்தது. வாக்காளர் பாட்டுக்கும் இதே கணக்குதான். பாட்டு முடிகிற இடத்தில் ஒரு மேசை இருக்க வேண்டும். மேசையில் படிவமும், வாக்காளர் பட்டியலும், பேனாவும் இருக்க வேண்டும். மேசை இல்லாமல் பாடப் போகாதீர்கள்.

எந்தத் தெரு?

பெரும்பாலானவர்கள் கடற்கரையில் ஒரு பெரிய கச்சேரி வைக்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். அங்கே வருபவர்களில் உங்கள் வார்டுக்காரர் எத்தனை பேர்? வேண்டாம். எந்த வாக்குச்சாவடியில் ஓட்டு குறைந்தது என்று பார்த்து, அந்தச் சாவடிக்குரிய தெருக்களில் பாடுங்கள்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒவ்வொரு சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்குப் பிறகும் படிவம் 20 என்ற ஆவணம் வெளியாகும். சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு, மொத்தம் எத்தனை என்று அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதே சாவடியின் வாக்காளர் பட்டியலில் மொத்தப் பெயர்கள் எத்தனை என்று பாருங்கள். வகுத்தால் சதவீதம். கட்சிவாரி எண்கள் இருக்கும் பத்திகளைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரிந்துவிட்டால் நம்மை அறியாமல் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இந்த வேலையில் உட்கார்ந்தால் இன்னொன்றும் புரியும். குறைந்த சதவீதம் எல்லாமே சோம்பேறித்தனம் இல்லை. சென்னை வாடகை வீடுகளின் ஊர். வீடு மாறியவர் பெயர் பழைய தெருவிலேயே கிடக்கும். இறந்தவர் பெயரும் அப்படியே இருக்கும். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். அதில் உண்மையாகவே இங்கே வசித்துக்கொண்டு, விவரம் தெரியாமல் விடுபட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "ஜனநாயகக் கடமை" என்று பாடினால் கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானது. அவர்களுக்கு வேண்டியது படிவம்.

எப்போது தொடங்குவது?

தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கினால் பாதி வேலை கைவிட்டுப் போய்விடும். பெயர் சேர்ப்பதற்கான நாள் முடிந்த பின் வரும் பாட்டு, பெயர் இல்லாதவரை இன்னும் வேதனைப்படுத்தும். ஆறு மாதம் முன்னதாகவே இறங்குங்கள். முதல் நான்கு மாதம், பட்டியலில் பெயரைச் சரிபார்க்கச் சொல்லும் பெயர்ப் பாட்டு மட்டும். கடைசி இரண்டு மாதம் வாக்குச்சாவடிப் பாட்டு.

பெயர்ப் பாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவை. புதிதாகச் சேர்ப்பவருக்குப் படிவம் 6. வீடு மாறியவருக்கும், பிழை திருத்துபவருக்கும் படிவம் 8. பழைய இடத்தில் பெயர் இருக்கும்போது வீடு மாறியவர் புதுப் படிவம் 6 கொடுக்கவே கூடாது. இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டத்துக்கு விரோதம். 18 வயதைக் கணக்கிட இப்போது ஜனவரி 1 மட்டுமில்லை, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தேதிகள். 17 முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் என்றால் 1950 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

பி.ஜி. விடுதிகளில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகளுக்கு ஒரு தனி மேசை போடுவோம். அவர்கள் பெயர் தேனியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும். ஊரில் வைத்துக்கொள்வதா, இங்கே மாற்றுவதா என்பது அவர்கள் விருப்பம். ஊரில்தான் என்றால், அன்றைக்குப் போய்வர டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை இப்போதே நினைவுபடுத்தலாம். 2024இல் வாக்குப்பதிவு நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று நாள் விடுமுறையை வேறு எதற்கோ திட்டமிட்டவர்கள் எத்தனையோ பேர்.

மெட்டு

சினிமா மெட்டு வேண்டாம். மெட்டு எளிதில் ஒட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் கட்சிக்காரர்களும் சினிமா மெட்டில்தான் வண்டியில் பாட்டுப் போடுகிறார்கள். இதுவும் அவர்கள் வண்டிதான் என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அந்த மெட்டுகளுக்கு உரிமையாளர்களும் இருக்கிறார்கள். படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டால் ஒலியை எடுத்துவிடுவார்கள். கும்மி, தெம்மாங்கு, சிந்து என்று யாருக்கும் சொந்தமாகாத செல்வம் நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எப்போதும் கும்மியில்தான் தொடங்குவேன். கைதட்டத் தெரிந்தால் போதும், யாரும் சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் "தன்னன்னே தானன்னே" என்று ஒரு சுற்று விடுங்கள். வார்த்தை தெரியாதவர்களும் அதில் குரல் சேர்ப்பார்கள். குரல் சேர்த்துவிட்டவர் பாட்டு முடியும்வரை நகரமாட்டார். மெட்டு ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கட்டும். அறுபது வயதுப் பாட்டி மூச்சு வாங்காமல் பாடுகிற சுருதியே சரியான சுருதி. உங்கள் குழுவில் நன்றாகப் பாடுகிறவரின் குரலுக்கு ஏற்றபடி வைக்காதீர்கள்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் என்றால் கானாதான். அங்கே பிறந்த பையன்களே எழுதிப் பாடட்டும். வெளியிலிருந்து போய் நாம் கானா பாடினால் ஒட்டாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கும்மிக்கு முதலில் கூச்சப்படுவார்கள். அங்கே வில்லுப்பாட்டு நன்றாக எடுபடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா" போடுகிறவர் அந்தக் குடியிருப்பின் ஆளாக இருக்க வேண்டும். கதையில் தெரு விளக்கு, மழைநீர் வடிகால், குப்பை வண்டி எல்லாம் வரட்டும். இவை கவுன்சிலரும் மாநகராட்சியும் பார்க்கும் வேலை. மக்களவைத் தேர்தலுக்கு டி.வி. முன் மணிக்கணக்கில் உட்காருகிறவர், தன் வார்டு எண்ணே தெரியாமல் இருக்கிறார். இருபது நிமிட வில்லுப்பாட்டில் அந்த வார்டு எண்ணைப் பத்துத் தடவையாவது சொல்லிவிட வேண்டும்.

பறை இருந்தால் கூட்டம் தானாக வரும். ஆனால் பறையைக் காய்ச்ச நெருப்பு மூட்ட வேண்டும். குடியிருப்பு வளாகத்துக்குள் காவலாளி விடமாட்டார். வெளியே தெருமுனையில் காய்ச்சிக்கொண்டு போங்கள், அல்லது காய்ச்சத் தேவையில்லாத ஃபைபர் பறை வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பாடும்போது அடி தணிய வேண்டும். கண்ணிக்கு நடுவில் ஏறட்டும். ஒத்திகையில் இதற்கே அதிக நேரம் செலவிடுவோம், ஏனென்றால் சொல் கேட்கவில்லை என்றால் அந்தப் பாட்டால் பயனே இல்லை.

கலைஞர்களுக்குப் பணம் கொடுங்கள். "சமூக சேவைதானே" என்று சும்மா கூப்பிடாதீர்கள். அது அவர்கள் தொழில், அன்றைய வருமானம். நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும், சாப்பாடும் எல்லோரோடும் ஒரே பந்தியில். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது. பணம் குடியிருப்போர் சங்கத்திலோ தெருக்காரர்களிடமோ திரட்டலாம். கட்சிக்காரர், போட்டியிடப் போகிறவர், மாநகராட்சி ஒப்பந்ததாரர் ஆகியோரிடம் ஒரு டீகூட வாங்க வேண்டாம்.

சொல்

பாட்டு எழுதும்போது "புனிதக் கடமை", "விரலில் இருக்குது வலிமை" மாதிரி வரிகள்தான் முதலில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். ஓட்டுப்போடாதவருக்கு அது கடமை என்று தெரியாமல் இல்லை. அவர் தயங்குவது சின்னச் சின்ன விஷயங்களில்: பெயர் இருக்கிறதா, எந்தப் பள்ளிக்கூடம், அட்டை காணோமே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், யாரோடு போவது. பாட்டு இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் பாடும் கும்மியின் தொடக்கம் இது:

பட்டியலில் பேரிருக்கா, பாத்தியா அக்கா? – நம்ம
பாக எண்ணு என்னவென்னு கேட்டியா அக்கா?
எட்டு வச்சா பள்ளிக்கூடம், எந்நேரம் போவ? – கூட
யாரைக் கூட்டிப் போகப்போற, சொல்லடி அக்கா?

வீடு மாறியவர்களுக்கு:

வாடகைக்கு வீடு மாறி வருஷம் ஆகுதே – உன்
பேரு மட்டும் பழைய தெருவில் குடியிருக்குதே
எட்டாம் நம்பர் படிவம் ஒண்ணு எழுதிப் போடுங்க – அது
வந்து சேரும் நம்ம தெருப் பட்டியலுக்குங்க

அட்டை தொலைத்தவர்களுக்கு:

வாக்காளர் அட்டை காணலையா, வருத்தம் வேணாம்மா – உன்
பேரு மட்டும் பட்டியலில் இருந்தாப் போதும்மா
ஆதார் உண்டு, பான் கார்டு உண்டு, லைசன்ஸ் உண்டம்மா – அதில்
ஏதோ ஒண்ணை எடுத்துக்கிட்டு எழுந்து வாம்மா

பாக எண் என்பது பட்டியலில் உங்கள் தெரு வரும் பகுதியின் எண். இந்தப் பாட்டை நீங்கள் தாராளமாக எடுத்துப் பாடலாம், மாற்றலாம். கடைசிக் கண்ணியில் உங்கள் சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரையே வைத்துவிடுங்கள். பூத் சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது அடையாள ஆவணம் ஆகாது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

முதல் கண்ணியில் "எந்நேரம் போவ, யாரைக் கூட்டிப் போவ" என்று கேட்பது அழகுக்காக மட்டுமில்லை. 2008இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாக்காளர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டுப் பதில் வாங்கினார்கள். அப்படிப் பதில் சொன்னவர்களில், அதுவும் வீட்டில் ஒரே வாக்காளராக இருப்பவர்களில், கூடுதலானவர்கள் வாக்களித்தார்கள். பாட்டு நடுவில் நாங்கள் நிறுத்தி, எதிரில் நிற்கும் ஓர் அக்காவைப் பார்த்து நிஜமாகவே கேட்போம். "காலையில ஏழரைக்கு, பக்கத்து வீட்டு சரோஜாவோட" என்று அவர் சொன்னால், அந்தப் பதிலை அப்படியே மெட்டில் போட்டுப் பாடுவோம். தெருவே சிரிக்கும். சரோஜாவும் இனி தப்ப முடியாது.

இன்னொரு எச்சரிக்கை, இது தமிழ்நாட்டில் மிக முக்கியம். பாட்டை எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லையும் கட்சிச் சின்னங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "சூரியன் உதிக்கட்டும்" கூடாது. "கைகோத்து வாங்க" கூடாது. இலை, தாமரை, மாம்பழம், பானை, பம்பரம், டார்ச் விளக்கு எதுவும் வரக்கூடாது. "முரசு கொட்டுவோம்" என்று ஆசையாக எழுதியிருப்பீர்கள், அதுவும் ஒரு சின்னம்தான். அரிவாளும் சுத்தியலும் வேலைப் பாட்டில் தானாக வந்து விழும். "விடியல்" மாதிரி முழக்கமாகிவிட்ட சொற்களையும் எடுத்துவிடுங்கள். உடையிலும் கவனம் வேண்டும். கருப்பும் சிவப்பும் சேர்ந்தாலே கேள்வி வரும். நாங்கள் ஆளுக்கொரு நிறத்தில் வீட்டுப் புடவையில்தான் போவோம்.

அனுமதி, நேரம், அக்கம்பக்கம்

ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் அருகில் 100 மீட்டர் அமைதிப் பகுதி. நாங்கள் ஒலிபெருக்கியே வைப்பதில்லை. ஒரு தெருவுக்கு எங்கள் தொண்டை போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கடை, பால் பூத் பக்கம் நல்ல நேரம். மாலையில் ஆறிலிருந்து ஏழரை. பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்குப் படிப்பார்கள். பறையை விட்டுவிட்டுக் கைத்தாளத்தோடு பாடுங்கள். முந்தின நாளே தெருவுக்குப் போய்ச் சொல்லிவையுங்கள். துக்க வீடு இருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தெருவில் பத்து நிமிடம் பாட்டு, அரை மணி நேரம் மேசை. இந்த அளவை மாற்றாதீர்கள். கூட்டம் ரசிக்கிறதே என்று பாட்டை நீட்டினால், கைதட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாட்டின் கடைசிச் சுற்றிலேயே குழுவில் இருவர் கும்மியடித்தபடி மேசைப் பக்கம் நகர வேண்டும். வட்டமும் கூடவே நகரும்.

கடைசி 48 மணி நேரம்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 126ஆம் பிரிவைக் குழுவில் எல்லோரும் படித்திருக்க வேண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், இசை நிகழ்ச்சி, நாடகம் போன்றவற்றை வைத்து மக்களை ஈர்த்துத் தேர்தல் விஷயங்களைப் பரப்புவதை அது தடை செய்கிறது. இசைக் கச்சேரியைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கமுள்ள விஷயங்களுக்குத்தான் இந்தத் தடை. நம் பாட்டில் கட்சியே இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் காவலரோடு வாதாடி என்ன கிடைக்கப்போகிறது? எந்தத் தேர்தலாக இருந்தாலும், மாநகராட்சித் தேர்தலிலும், 48 மணி நேரத்துக்கு முன்பே பறையை உறையில் போட்டுவிடுங்கள்.

அந்த இரண்டு நாள் வேலை நடையும் பேச்சும்தான். யார் எத்தனை மணிக்குப் போவதாகச் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள் இல்லையா, அந்த நேரத்துக்குக் கதவைத் தட்டுங்கள். "அக்கா, ஏழரை ஆச்சு, சரோஜா அக்கா கீழ நிக்கிறாங்க." வயதானவர்களோடு சாவடி வாசல்வரை நடந்து போங்கள். வாக்குச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் பாட்டோ, நோட்டீஸோ, கூட்டமோ கூடாது. மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு சுற்று கட்டாயம் போக வேண்டும். வெயில் தாழட்டும் என்று படுத்தவர்கள் அப்படியே தூங்கிவிடுவார்கள். முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்து ஓட்டுப்போட விடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது, அதைச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு

மேசையில் எத்தனை படிவம் நிரப்பினோம், அதில் எத்தனை பெயர் பட்டியலில் வந்தது என்று கணக்குப் பார்ப்பது முதல் வேலை. நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப்போய்க் காரணம் கேட்டு மறுபடி விண்ணப்பிக்க வையுங்கள். பாடிய தெருக்களின் சாவடியையும், அதே மாதிரி வீடுகள் உள்ள பாடாத தெருக்களின் சாவடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் முழுக்கவே ஏறியிருந்தால் அது உங்கள் பாட்டால் வந்ததில்லை.

குழுவைக் கலைத்துவிடாதீர்கள். தேர்தலோடு மறைந்துவிடுகிற கட்சி அலுவலகம் மாதிரி நாமும் ஆகிவிட்டால், அடுத்த முறை தெரு நம்மை நம்பாது. 2022இலிருந்து மாநகராட்சிகளில், வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் பகுதிக் கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு, அந்த வாரம் தெருவில் ஒரு சுற்றுப் பாடுங்கள். எரியாத விளக்குகளின் கம்ப எண்களைக் கண்ணியாகக் கட்டலாம். கூட்டத்தில் இரண்டு நிமிடம் பாடிவிட்டு, அதே எண்களை எழுதிய மனுவில் தெருக்காரர்களின் கையெழுத்து வாங்கி கவுன்சிலரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.